எழுதியவளுக்கு, படித்தவள் எழுதுவது

உன் வேலையைப் பறித்தவள் நான்.

ஆபீஸில் யாரைக் கேட்டாலும் மெஷின் பறித்தது என்பார்கள். அப்படிச் சொல்வது எல்லோருக்கும் வசதி. மெஷினுக்கு முகம் கிடையாது, அதைப் பார்த்து யாரும் காறித் துப்ப முடியாது. எனக்கு முகம் இருக்கிறது. தினமும் காலையில் அதைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு மந்தைவெளியில் ரயிலேறுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை தரமணியில் நம் தளத்தில் பாதியைக் காலி செய்தார்கள். ஆட்கள் வந்து மேசைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் மேசையின் இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. நீ போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. மேசை தூக்க வந்தவர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித் திறந்தார். உள்ளே கிடந்த பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவை எடுத்து, "மேடம், இது உங்க்ளுதா?" என்று என்னிடம் நீட்டினார். ஆமாம் என்றேன்.

பார். அப்போதும் உன்னுடையதை என்னுடையது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

டப்பாவைத் திறந்ததும் நீலகிரித் தைல வாசனை. ஏசி காற்று ஆகாது என்று மத்தியானமானால் நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்வாய். பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். உள்ளே கண்ணாடி துடைக்கும் துணி இருந்தது. நாம் உபயோகித்த மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டில் கடைசி ஏழெட்டுத் தாள் இருந்தது. நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளும் இருந்தது. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மற்றதை எழுத என்னால் முடியாது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ சிந்தாதிரிப்பேட்டையில் ஏறுவாய். அங்கே லேடீஸ் கோச்சில் உட்கார இடம் கிடைக்கும். மந்தைவெளி வருவதற்குள் நிற்கவே இடமிருக்காது. எனக்காக உன் சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஆறு ஸ்டேஷனும் சண்டை போட்டபடி வருவாய். ஒருநாள் நான் ஏறும்போது ஒரு அம்மா உன்னைப் பிடித்து உலுக்காத குறை.

"ஆளு வர்தாம், ஆளு. எங்கம்மா உன் ஆளு?"

"மந்தவெளில நின்னுகினு கீறான்னு சொன்னேன்ல? தோ, ஏறிட்டா பாரு. வெள்ளையா, ஒண்ணும் தெரியாதவ மாரி கீறா பாரு, அவதான்."

கோச் முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்ததும் உன் அடுத்த வேலை என் தமிழைக் கிண்டல் செய்வது.

"இன்னாடி, ஆத்துல காப்பி குடிச்சுட்டு வந்தாச்சாண்டி?"

"எங்க பாஷையைக் கிண்டல் பண்ணாதேடி."

"ஆபீஸ்ல என் பாஷைய அத்தினி பேரு கிண்டல் பண்றானுங்கோ. எனக்குன்னு ஒரு ஆளு வேணாவா?"

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் அது உண்மை. நான் ஆபீஸில் வாய்தவறி 'ஆத்துல' என்றால் 'சோ க்யூட்' என்பார்கள். நீ 'கீது' என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் இதே ஊரில், இதே ரயில் பாதையில், ஆறு ஸ்டேஷன் இடைவெளியில் பேசுகிற தமிழ்தான். ஒன்றைக் கேட்டால் செல்லம் கொஞ்சுகிறார்கள், இன்னொன்றைக் கேட்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்போதே கோபம் வரும். வந்த கோபத்தை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இந்த மடலின் விஷயமே.

நம் வேலையைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்குப் போகுமுன் திருத்துவது. மருத்துவம், ரசாயனம், மண், மீன், எது வந்தாலும். பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எழுதிய இங்கிலீஷை, சிந்தாதிரிப்பேட்டை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்த நீ உட்கார்ந்து சரிசெய்தாய். லஸ் முனை நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்துபோன ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை வாங்கி, அதை நீயாகவே நாலு முறை முதலிலிருந்து கடைசிவரை படித்திருந்தாய். நான் கான்வென்ட். எனக்கு ஒரு விதியும் தெரியாது. காதுக்குச் சரியாகப் பட்டால் சரி, அவ்வளவுதான். ஹூ எங்கே வரவேண்டும், விச் எங்கே, தட் எங்கே, ஒரு சொற்றொடர் எந்தப் பெயரோடு ஒட்டவேண்டும், எதைவிட்டு விலகி நிற்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு உத்தேசம். உனக்குக் கை ரேகை மாதிரி.

உன்னிடம் ஒரு வழி இருந்தது. சந்தேகமான வாக்கியத்தில் விரலை வைப்பாய். ஸ்க்ரீனில் உன் விரல் தடம் எப்போதும் இருக்கும். "யாரு?" என்று கேட்பாய். அல்லது, "எது?" அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஃப்ரீசரில் வைக்கப்பட்ட பிறகு ஆராய்ச்சியாளர்கள் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள் என்று ஒரு வாக்கியம் வந்தது. நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ விரலை வைத்தாய்.

"யாரு?"

"யாருன்னா?"

"மூணு வாரம் ஃப்ரீசர்ல கெடந்தது யாருடி? இந்த இங்கிலீஷ பாத்தா ஆராய்ச்சியாளருங்கோதான் கெடந்துகீறானுங்கோ. பாவம், வெறச்சிப் போயிருப்பானுங்கோ. வெளிய வந்ததும் ஒரு டீகூட குடிக்காம ரத்தத்த டெஸ்ட் பண்ணிகீறானுங்கோ."

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நீ அதைச் சரிசெய்து முடித்திருந்தாய்.

"நம்ம பாஷைல இந்தத் தொல்ல கம்மிடி," என்றாய். "நேத்து வந்த பொண்ணுன்னா, வந்தது அந்தப் பொண்ணுதான். சொல்றது மொத்தமும் பேரோட ஒட்டிகினே வந்துரும். அவனுங்கோ பேர மொதல்ல சொல்லிட்டு, அப்பால ஒரு ஹூ போட்டு மிச்சத்த பின்னாடி தொங்கவுடுவானுங்கோ. தொங்கறது எங்க வோணாலும் போய் மாட்டிக்கும். சந்தேகம் வந்தா நம்ம பாஷைல திருப்பிப் பாரு. யாருதுன்னு தெரிஞ்சிபூடும்."

கீது என்று சொன்னதற்குச் சிரித்தார்களே, அந்தத் தமிழை வைத்துத்தான் அவர்களுடைய இங்கிலீஷை அளந்தாய்.

அந்த முதல் வீடியோ காலை நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானம் மூன்று மணி. கண்ணாடி அறை. வெளிநாட்டுப் பதிப்பகத்துப் பெண்மணி திரையில் இருந்தாள். நீ திருத்திய ஒரு கட்டுரையைப் பற்றிக் கேட்டாள்: இந்த வாக்கியத்தை ஏன் மாற்றினீர்கள்? மேனேஜர் உன்னைப் பார்த்தார். நீ வாயைத் திறந்தாய். "தி..." என்றாய். மறுபடி "தி..." என்றாய். பிறகு ஒன்றும் வரவில்லை. சட்டென்று மஞ்சள் தாளை இழுத்து இரண்டு வரி எழுதி, மேசைமேல் என் பக்கம் தள்ளினாய். நான் படித்தேன். அந்த ஊர்க்காரி மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். "எக்ஸலண்ட்," என்றாள் அவள். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கேன்டீனில் உனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். நீ வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "உன் வாய்ல நல்லா இருந்திச்சிடி. நான் எழுதனது அவ்ளோ அழகுன்னு எனக்கே தெரியாது."



அதற்குப்பின் அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வீடியோ காலிலும் நீ எழுதித் தள்ளுவாய், நான் படிப்பேன். ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். கால் முடிந்ததும் நடந்ததைக் குறித்து மெயில் அனுப்புவார்கள். அதில் பேசினவர் பெயர் மட்டும்தான் இருக்கும். எழுதிக்கொடுத்தவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல் உன் ஒவ்வொரு திருத்தமும் என் பெயரில் போயிற்று. முதலில் சோம்பலில் விட்டேன். பிறகு பழக்கத்தில் விட்டேன். பிறகு பயத்தில் விட்டேன். இதில் எந்த இடத்தில் பயம் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மருந்துக் கட்டுரை ஞாபகமிருக்கிறதா? சிறுநீரகம் பழுதான வயதானவர்களுக்கு மருந்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லவந்தது. ஹூவுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி விழுந்து, வயதானவர்கள் எல்லோருக்குமே சிறுநீரகம் பழுது, எல்லோருக்கும் பாதி மருந்துதான் என்று அர்த்தமாகியிருந்தது. நீ விரலை வைத்தாய். "யாரு? ஊர்ல கீற எல்லா கெய்வன் கெய்விக்கும் கிட்னி பூட்ச்சா? இல்ல பூட்டவங்களுக்கு மட்டுமா?" வெறும் சந்தேகத்தோடு விடவில்லை. கட்டுரைக்குள் இருந்த அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலருக்கு மட்டும்தான் என்று உறுதி செய்துகொண்டு கட்டுரையாளருக்குக் கேள்வி எழுதினாய். அந்தப் பேராசிரியரே வீடியோ காலில் வந்து நன்றி சொன்னார். யாருக்கு? எனக்கு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "மை ப்ளெஷர்," என்றேன். அதை நீ எழுதித் தரவில்லை. அது மட்டும்தான் அன்று என் சொந்தச் சரக்கு.

அம்மாவிடம் அன்று சாயந்திரம் அபிராமபுரம் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "சின்னதுலேர்ந்தே உன் இங்கிலீஷ் நன்னா இருக்கும்டி," என்றாள். நான் மறுக்கவில்லை.

பிறகு கையேடு. புதிதாகச் சேர்பவர்களுக்காகப் பதினாலு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில், உன் நைனா வேலைசெய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில், மின்விசிறிகூட இல்லாத அறையில் உட்கார்ந்து எழுதினாய். ஒட்டவேண்டியது எங்கே ஒட்டவேண்டும், தொங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது, ஃப்ரீசரில் விறைத்துப்போன ஆராய்ச்சியாளர்கள், எல்லாம் அதில் இருந்தது. நான் அதைத் திரையில் போட்டுப் பேசினேன். முதல் பக்கத்தில் என் பெயரும் போட்டோவும் இருந்தன. அதை வைத்தது மேனேஜர். பார்த்தும் பேசாமலிருந்தது நான்.

நீ பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா வந்துகீதுடி," என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். அதில் எத்தனை பங்கு சிரிப்பு, எத்தனை பங்கு வேறு என்று நான் கேட்கவில்லை.

மெஷின் வந்தது அந்த வருஷக் கடைசியில். முதல் திருத்தத்தை இனி மெஷின் செய்யும், கட்டுரையாளர்களிடம் நேரில் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் போதும், எல்லோருக்கும் பேச்சுப் பரீட்சை என்று மேனேஜர் அறிவித்தார். மறுநாள் ரயிலில் நீ கிண்டல் எதுவும் செய்யவில்லை. கிரீன்வேஸ் தாண்டி அடையாற்றின் மேல் வண்டி போகும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஒரு தபா சொல்லேன்டி. அந்த கைடு எழுதனது நானுன்னு. அது தெரிஞ்சிதுன்னா, டெஸ்ட்ல கொஞ்சம் திணறுனாலும் வெச்சிக்குவாங்கோ."

"சொல்றேன்டி. இன்னைக்கே சொல்றேன்."

"நெஜமா?"

"நிஜமாடி."

"உனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

உன் வேலை போகப்போகிறது. நீ எனக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாய்.

அன்று மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போனேன். நானாக ஆரம்பிக்கவேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. அவரே கேட்டார். யார் யாரை வைத்துக்கொள்வது என்று பட்டியல் போடுகிறேன், இந்தக் கையேட்டில் வேறு யாராவது வேலை செய்தார்களா என்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வா என்கிற மாதிரி. நான் சொன்னேன்: "டீம் எஃபர்ட், சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கே பல காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் ஒன்றுதான். எழுதியது நீ என்று தெரிந்தால், நான் யார் என்ற கேள்வி வரும். நான் ஒரு வாய். வாய் மட்டும்தான். அது அந்தக் கண்ணாடி அறையில் அவருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று பயந்தேன். பட்டியலில் இரண்டு பேருக்கும் இடமிருந்திருக்கலாம். இருக்காது என்று நானே முடிவு செய்தேன்.

உன் பரீட்சை நாலு நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்து நடைவழியில் சுவரோரமாக நின்றாய்.

"கைட பத்தி கேக்கவே இல்லடி. ஹாபி இன்னான்னு கேட்டாங்கோ. புட்ச்ச எடம் எதுன்னு கேட்டாங்கோ. அதுக்கெல்லாம் நான் எதுவும் ரெடி பண்ணிகினு போவல." பிறகு, "நீ சொன்னியா?"

"டீம்னு சொன்னேன்டி."

நீ கண்ணாடியைக் கழற்றினாய். துப்பட்டா நுனியால் துடைத்தாய். மறுபடி போட்டுக்கொண்டு, ஸ்க்ரீனில் விரல் வைப்பதுபோல என் தோளில் ஒரு விரலை வைத்தாய்.

"டீமுன்னா யாருடி?"

நான் என் சீட்டுக்குத் திரும்பிப் போனேன்.

உன் மதிப்பெண் தாள் வந்தது. இலக்கணம்: மிக நன்று. தாய்மொழித் தாக்கம்: அதிகம். இரண்டாவது வரிக்காக உன்னை அனுப்பினார்கள். தாய்மொழித் தாக்கமாம். அந்தப் பேராசிரியர் பேசும்போது அவர் ஊர் வாசனை அடித்தது, யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. உன்னைப் பரீட்சை செய்தவனே எந்த ஊர்க்காரன் என்று முதல் வார்த்தையில் தெரிந்தது. யாருடைய வாயில்தான் அவரவர் அம்மா இல்லை? உன் அம்மா சிந்தாதிரிப்பேட்டை என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. என் அம்மா அபிராமபுரம். நான் பாஸ்.

மறுநாள் மந்தைவெளியில் ஏறினேன். நீ வழக்கமான இடத்தில் ஜன்னலோரம் இருந்தாய். பக்கத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் சாப்பாட்டுப் பை உன் மடியில் இருந்தது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், சண்டையெல்லாம் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரமணிவரை நின்றேன். நோட்டீஸ் காலம் முடியும்வரை பதினேழு நாள் அப்படியே நின்றேன்.

அப்புறம் நீ வீட்டிலிருந்தே எங்கெங்கோ துண்டு துண்டாக வேலை வாங்கிச் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். போன் செய்யவில்லை. பொங்கலுக்கு நீ ஒரு வாழ்த்து அனுப்பினாய். கரும்புப் படம். நானும் ஒரு படம் அனுப்பினேன். நம் கடைசிப் பேச்சு அது. இருவருமே வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலத்தில் உனக்கு டெங்கு என்று பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் வந்தது. அடுத்த செய்தியே நீ இல்லை என்பதுதான். கை கூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன. மேனேஜரும் ஒன்று போட்டார்.

காரியத்துக்குப் போகும் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன். இத்தனை நாள் பழகியும் அந்த ஸ்டேஷனில் நான் இறங்கியது அதுதான் முதல் முறை. சேற்றில் கால் வைத்து, கூவத்தை ஒட்டிய தெருவில் கடையைக் கேட்டுக் கேட்டுப் போனேன். உன் நைனா சக்கரத்தில் வைத்து ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானாம்மா அந்த இங்கிலீஷ் பேசற பொண்ணு?"

தலையசைத்தேன்.

"சொல்லிகினே இருக்கும் உன்ன பத்தி. நான் எய்துவேன் நைனா, அவ பேசுவா, ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளுன்னு சொல்லும்." சக்கரத்தை நிறுத்தினார். "ஜொரம் வந்து நாலு நாளு வூட்லயே கெடந்துச்சிம்மா. ஆஸ்பத்திரி போலாம்னா, முன்ன கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இருந்துச்சி, இப்ப இல்ல நைனா, ரெண்டு நாளு பாக்கலாம்னு சொல்லிச்சி. அஞ்சாவது நாளு தூக்கினு ஓடினோம்." பிறகு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, "குந்தும்மா. டீ சாப்புடறியா?" என்றார்.

குடித்தேன். அவரிடமும் சொல்லவில்லை. பாதி ஆள் பாதி ஆளை விற்றுவிட்டது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்லவேண்டும். அவர் சக்கரத்தை நிறுத்தாமலே கேட்டாலும் சரி.

இப்போது என்னிடம் இருப்பது உன் விரல் ஒன்றுதான். எதைப் படித்தாலும் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'ஆட்குறைப்பு செய்யப்பட்டது' என்று ஆபீஸ் மெயில் வந்தால் உன் குரல்: யாரு? யாரு செஞ்சது? 'காய்ச்சலுக்கு இளம்பெண் பலி' என்று பேப்பரில் வந்தால்: யாரு? காய்ச்சலா? காய்ச்சல் மட்டுமா? செய்தவனை ஒளித்துவைக்கிற வாக்கியங்களால்தான் இந்த ஊர் நடக்கிறது. 'டீம் எஃபர்ட்' என்பதும் அந்த ஜாதி வாக்கியம்தான். எனக்கு எல்லா வாக்கியத்திலும் ஆள் தெரிகிறது இப்போது. நீ கற்றுக்கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் தொற்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணாடி டப்பாவை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். வெள்ளைத் தாளைப் பிரித்தேன்.

உன் கையெழுத்து. இங்கிலீஷை நீ தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாய், வாய்க்கு வருவதற்காக. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே அழுத்தவேண்டும் என்று சிவப்பு மையில் கோடு. 'குட் ஆஃப்டர்நூன். தேங்க்யூ ஃபார் திஸ் ஆப்பர்ச்சூனிட்டி.' அப்படியே பத்துப் பன்னிரண்டு வரி. கடைசி வரி:

'தி பெர்சன் ஹூ ரோட் திஸ் கைட் இஸ் மீ.'

இந்தக் கையேட்டை எழுதியவள் நான். கடைசி வார்த்தைக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

என்னை நம்பி நீ சும்மா இருக்கவில்லை. நான் சொல்லாவிட்டாலும் நீயே சொல்ல ஏற்பாடு செய்துகொண்டுதான் போயிருக்கிறாய். அவர்கள் உன் ஹாபியைக் கேட்டார்கள்.

அன்றே ஆபீஸுக்கு மெயில் எழுதினேன். முதல் வரியில் நீ இறந்துவிட்டதை எழுதினேன். இரண்டாவது வரியில் கையேட்டை எழுதியது நீ, நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்று எழுதினேன். மூன்றாவது வரியில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போடுங்கள் என்றேன். மெஷினுக்கு அந்தக் கையேட்டைத்தான் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. உன் வேலையைச் செய்ய உன் எழுத்தையே அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். அதையும் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. முன்னாள் ஊழியர் ஒருவரின் பெயரைச் சேர்க்க, அவரிடமிருந்து எழுத்துமூலமான ஒப்புதல் தேவையாம். வாங்கி அனுப்பவேண்டுமாம்.

உன் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இதோ ஒப்புதல், பெயரைப் போடு என்று ஒரே வரி. இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை.

நம் தொழிலில் ஒரு விதி உண்டே. கட்டுரையாளரிடம் கேள்வி கேட்டு, குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால், இருக்கிறபடியே அச்சுக்குப் போய்விடும். அதன்படி பார்த்தால் என் பெயரே நிற்கும். என் போட்டோவும் நிற்கும். நல்லா வந்துகீது என்றாயே, அதே போட்டோ.

நாளைக்கு மூன்று மணிக்கு வீடியோ கால். பதிப்பகத்துப் பெண்மணி வருவாள், மேனேஜர் வருவார். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அங்கே படித்துவிடலாம் என்று நினைத்தேன். நேற்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஏற்ற இறக்கமெல்லாம் பிரமாதமாக வந்தது. கடைசி வார்த்தையை நீ போட்ட கோட்டின்படியே அழுத்திச் சொன்னேன். என் வாயில் வந்ததும் அந்த வரியும் என்னுடையதாகிவிட்டது. எழுதியவள் நான் என்று மறுபடியும் நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

நீ எழுதியதையெல்லாம் நான் படித்துவிட்டேன். இதை நான் படிக்கமாட்டேன். திணறினால் திணறு. 'தி', 'தி' என்று பத்துமுறை வேண்டுமானாலும் சொல். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். அந்த அறைக்கு வாடி. தாளை உன் பக்கம் தள்ளுகிறேன்.

நீயே சொல்லு.